நகரை மீட்டுத் தந்த ஓவியர் பெர்னார்தோ பெல்லோத்தோ



யூபிலி மலர் என்றால் புனிதர்களின் வரலாறும், மறைபரப்பாளர்களின் உழைப்பும், ஆலயம் எழும்பிய கதையும் அதில் இடம் பெறுவது வழக்கம். அவ்வழக்கத்திற்குச் சற்று மாறாக, எந்தப் புனிதர் பட்டியலிலும் இல்லாத, மறையுரை ஆற்றாத, ஒரு கோவிலைக்கூடத் தம் கையால் கட்டாத ஓர் ஓவியரின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். காரணம் இல்லாமல் இல்லை. அவர் கண்ணை மூடி 164 ஆண்டுகள் கழிந்தபின் ஓர் பெருநகரம் கல்மேல் கல் இராதபடி இடிக்கப்பட்டது. அந்நகரின் மக்கள் இடிபாடுகளுக்குத் திரும்பி வந்து, தங்கள் தெருக்களையும் கோவில்களையும் முன்பிருந்தபடியே எழுப்ப முனைந்தபோது, அந்த ஓவியர் வரைந்து வைத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு கட்டினார்கள். தம் ஓவியம் இப்படி ஒரு பணிக்கு ஆகும் என்று அவர் கனவிலும் கருதியிருக்க முடியாது. அவர்தான் பெர்னார்தோ பெல்லோத்தோ.

தாய்மாமன் வீட்டுப் பள்ளி

பெல்லோத்தோ 1722-ஆம் ஆண்டு இத்தாலியின் வெனிஸ் நகரில் பிறந்தார். தெருவுக்குப் பதில் வாய்க்காலும், வண்டிக்குப் பதில் படகும் ஓடும் ஊர் அது. அவருடைய தாயாரின் சகோதரர் அந்தோனியோ கனால் என்பவர் அந்நாளில் ஐரோப்பா எங்கும் புகழ் பெற்ற நகர்க்காட்சி ஓவியர். கனலெத்தோ, அதாவது சின்னக் கனால், என்று மக்கள் அவரை அழைத்தார்கள். வெனிஸைப் பார்க்க வந்த ஆங்கிலேயச் செல்வர்கள் அவருடைய படங்களை ஊருக்கு எடுத்துச் செல்லப் போட்டியிட்டனர். சிறுவன் பெர்னார்தோவுக்கு ஏறத்தாழ 13 அல்லது 14 வயதானபோது தாய்மாமனின் ஓவியக்கூடத்தில் சேர்க்கப்பட்டான். 1738-இல், பதினாறு வயதளவில், வெனிஸ் ஓவியர் சங்கத்தில் அவன் பெயர் பதிவாயிற்று. விரைவில் மாமன் வரைந்தது எது, மருமகன் வரைந்தது எது என்று பிரித்தறிவதே கடினமாகிவிட்டது. சில படங்களைப் பற்றி அறிஞர்கள் பிற்காலத்திலும் வாதிட்டு வந்திருக்கிறார்கள்.

அக்காலத்தைப் பரோக் கலைக்காலம் என்பர். அரசர்களும் ஆயர்களும் மாடமாளிகைகளையும் பேராலயங்களையும் பொன்னும் பளிங்குமாக எழுப்பிய காலம். வானதூதர் கூட்டங்களும் வெற்றி வீரர்களும் நிறைந்த பெரிய ஓவியங்களுக்கே முதல் மதிப்பு. தெருவையும் சந்தையையும் உள்ளது உள்ளபடி வரைவோர் இரண்டாந்தரத்தினர் என்றே எண்ணப்பட்டனர். அந்த இரண்டாந்தர வேலையைத்தான் பெல்லோத்தோ தம் வாழ்நாள் முழுவதும் செய்தார்.

அவ்வேலை எப்படி நடந்தது என்பதை அறிந்துகொள்வது நல்லது. நகர்க்காட்சி ஓவியர்கள் ஓர் இருட்டுப் பெட்டியைத் துணைக்கு வைத்துக்கொள்வதுண்டு. அதன் ஒரு பக்கத்தில் கண்ணாடி வில்லை இருக்கும். எதிரே உள்ள கட்டடத்தின் உருவம் அதன் வழியே உள்ளே புகுந்து, ஒரு கண்ணாடியில் பட்டு, மேலே விரித்த தாளில் விழும். அதன் மேல் பென்சிலை ஓட்டினால் சுவரும் சாளரமும் கோபுரமும் தத்தம் அளவில் அமைந்துவிடும். நிழற்படக் கருவிக்கு இதுவே முன்னோடி. ஆனால் பெட்டி கோட்டை மட்டுமே தரும். மாலை வெயில் சுண்ணாம்புச் சுவரில் விழும் நிறத்தையும், மேகத்தின் நிழல் சதுக்கத்தைக் கடந்து போவதையும் அது தராது. அதற்கு ஓவியனின் கண்ணும் பொறுமையும் வேண்டும். பெல்லோத்தோவுக்கு அவ்விரண்டும் நிறைய இருந்தன. மாமனின் படங்களில் வெனிஸ் வெயிலில் மினுங்கும். மருமகனின் படங்களிலோ வெளிச்சம் சற்றுக் குளிர்ந்தது, நிழல் ஆழமானது, ஒவ்வொரு செங்கல்லும் தன் கணக்கை ஒப்புவிக்கும்.

அவர் செதுக்கோவியக் கலையிலும் வல்லவர். செப்புத் தகட்டின் மேல் மெழுகுக் கலவையைப் பூசி, ஊசியால் அதில் படத்தைக் கீறி, தகட்டை அமிலத்தில் இடுவர். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். பிறகு மெழுகை நீக்கி, மை தடவித் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் பதிந்து வரும். ஓர் அரசர் மட்டுமே வைத்திருக்கக்கூடிய பெரிய ஓவியத்தைப் பலர் கண்டு மகிழும்படி செய்தது இத்தொழில்தான்.

1741-இல் எலிசபெத்தா பிஸ்ஸோர்னோ என்பவரை மணந்தார். மறு ஆண்டு லொரென்சோ என்ற மகன் பிறந்தான். ரோம், பிளாரன்ஸ், லூக்கா, தூரின், வெரோனா என்று இத்தாலியின் ஊர்களைச் சுற்றி வரைந்து, 25 வயதிற்குள் மாமனின் நிழலை விட்டு வெளியே வந்துவிட்டார்.

டிரெஸ்டன் நகரின் நல்ல நாட்கள்

1747-இல் ஜெர்மனியின் சாக்சனி நாட்டுத் தலைநகரான டிரெஸ்டனிலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர் மூன்றாம் அகுஸ்துஸ். அவர் சாக்சனியின் ஆட்சியாளர், போலந்தின் அரசரும் அவரே. சாக்சனி மக்கள் லுத்தரன் சபையினர். அரசரின் தந்தையோ போலந்தின் மணிமுடிக்காக 1697-இல் கத்தோலிக்கர் ஆனவர். இவ்வாறு, மக்கள் ஒரு சபையும் அரச குடும்பம் வேறு சபையுமாக ஒரே நகரில் வாழ்ந்தார்கள்.

அந்நகரில் அப்போது இரண்டு பெரும் கோவில்கள் வானத்தைத் தொட்டன. ஒன்று, மணி கவிழ்த்தாற் போன்ற கல் கவிகையுடன் 1743-இல் நிறைவுற்ற லுத்தரன் மாதா கோவில். ஜெர்மன் மொழியில் பிரவுவன்கிர்கே என்பர். மற்றொன்று, கயெத்தானோ கியாவேரி என்ற இத்தாலியக் கட்டடக்கலைஞர் எல்பே ஆற்றங்கரையில் எழுப்பிக்கொண்டிருந்த மூவொரு இறைவனின் கத்தோலிக்க அரண்மனை ஆலயம். இது 1751-இல் அபிஷேகம் செய்யப்பட்டது. லுத்தரன் நாட்டில் கத்தோலிக்கர் தெருவில் பவனி செல்ல அனுமதியில்லை. ஆகவே ஆலயத்திற்குள்ளேயே, நடுக்கூடத்தைச் சுற்றிவரப் பவனிக்கென்று ஒரு பாதை அமைத்தார்கள். நற்கருணைப் பவனியைத் தெருவெல்லாம் கொண்டாடிப் பழகிய நமக்கு இது வியப்பாகத் தோன்றும்.

பெல்லோத்தோ ஆற்றின் எதிர்க்கரையில் நின்று இவ்விரு கோவில்களையும், நடுவே நீண்ட பாலத்தையும், நீரில் விழும் அவற்றின் நிழலையும் வரைந்தார். அப்படங்களைக் காண்போர் ஒன்றைக் கவனிக்கலாம். கத்தோலிக்க ஆலயத்தின் கோபுரம் அப்போது முடியவில்லை. அதைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தது. அரசரின் ஆலயமாயிற்றே என்று கோபுரத்தை முழுமையாக வரைந்து மகிழ்விக்க அவர் முயலவில்லை. 1748-இல் வரைந்த படத்தில் சாரத்தைச் சாரமாகவே வரைந்தார்.

அதே ஆண்டில் அவர் அரசவை ஓவியரானார். ஆண்டொன்றுக்கு 1750 தாலர் வெள்ளிக்காசு ஊதியம். அந்த அரசவையில் வேறு எந்த ஓவியருக்கும் அவ்வளவு கொடுக்கப்படவில்லை. டிரெஸ்டனின் காட்சிகள் 14, அருகிலுள்ள பிர்னா என்ற சிற்றூரின் காட்சிகள் 11, மலைக்கோட்டையான கோனிக்ஸ்டைனின் காட்சிகள் 5 என அரசருக்காகப் பெரிய அளவில் வரைந்தார். தலைமை அமைச்சர் பிரூல் பிரபுவும் தமக்கென 21 படங்கள் வரையச் சொன்னார். செப்புத் தகட்டிலும் அக்காட்சிகளைப் பொறித்தார்.

அப்படங்களில் மாளிகைகள் மட்டும் இல்லை. துணி துவைக்கும் பெண்கள், பிச்சை கேட்போர், சுமை தூக்குவோர், மூட்டையும் கூடையுமாகச் சந்தைக்குப் போவோர், தெருநாய், தூண்டில் போடுபவர் எல்லாரும் இருக்கிறார்கள். 1747-இல் வரைந்த ஒரு படத்தின் மூலையில், ஆற்றங்கரையில் அமர்ந்து தாளும் கையுமாக வரைந்துகொண்டிருக்கும் தம்மையும் அவர் சேர்த்திருக்கிறார். அரசவையில் தமக்கு மூத்த ஓவியர்கள் இருவர் அருகில் நிற்கிறார்கள்.

இங்கே மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் தம் படங்களில் மாமனின் பெயரான கனலெத்தோ என்பதையும் சேர்த்துக் கையொப்பமிட்டார். அப்பெயருக்கு அந்நாளில் இருந்த மதிப்பு அத்தகையது. இதனால் ஜெர்மனியிலும் போலந்திலும் கனலெத்தோ என்றால் மருமகனையே குறிக்கும் நிலை வந்தது. மனிதருக்கு உரிய ஆசைகளும் பலவீனங்களும் அவருக்கும் இருந்தன.

வெடிகுண்டும் வெறுங்கையும்

1756-இல் பிரஷ்யாவின் அரசர் இரண்டாம் பிரெடெரிக் சாக்சனிக்குள் படையெடுத்தார். ஏழாண்டுப் போர் என்று வரலாறு கூறும் போர் அது. மூன்றாம் அகுஸ்துஸ் வார்ஸாவுக்குப் போய்விட்டார். ஆதரித்த அரசர் போனபின் ஓவியருக்கு வேலை ஏது? பெல்லோத்தோ வியன்னாவுக்குச் சென்று பேரரசி மரியா தெரேசாவின் நகரையும் அரண்மனைகளையும் வரைந்தார். பின்பு 1761-இல் மூனிக் நகரிலும் வரைந்தார்.

அவர் ஊரில் இல்லாத வேளையில், 1760 ஜூலையில், பிரஷ்யப் படை டிரெஸ்டனைக் குண்டு வீசித் தாக்கியது. நகரின் மிகப் பழைய கோவில்களில் ஒன்றான திருச்சிலுவை ஆலயம் எரிந்து பாழாயிற்று. பிர்னா புறநகரில் இருந்த பெல்லோத்தோவின் வீடும் அழிந்தது. அதிலிருந்த படங்களும், செப்புத் தகடுகளும், உடைமைகளும் நெருப்புக்கு இரையாயின. தமக்கு நேர்ந்த இழப்பை 50,000 தாலர் என்று அவர் கணக்கிட்டார். முன்னைய ஊதியத்தோடு ஒப்பிட்டால் 28 ஆண்டுச் சம்பளத்திற்கும் மேல்.

அவர் திரும்பி வந்தபோது நகரம் இடிந்து கிடந்தது. 1763-இல் மூன்றாம் அகுஸ்துஸ் இறந்தார். சில நாட்களில் பிரூல் பிரபுவும் இறந்தார். பிரபுவுக்காக வரைந்த 21 படங்களுக்குரிய 4200 தாலர் வந்து சேரவே இல்லை. புதிய ஆட்சியினருக்கு இவருடைய ஓவிய முறை பழம்பாணியாகத் தோன்றியது. 1764-இல் நிறுவப்பட்ட கலைக்கழகத்தில் இளைஞர்களுக்கு நோக்குக்கோட்டு முறையைக் கற்பிக்கும் ஆசிரியர் வேலை கிடைத்தது. ஊதியம் 600 தாலர். முன்னே பெற்றதில் மூன்றில் ஒரு பங்கு.

அவருடைய வாழ்வில் நம்மை மிகவும் சிந்திக்கவைக்கும் கட்டம் இதுவே. போருக்கு முன் திருச்சிலுவை ஆலயத்தை, கோபுரம் ஓங்கி நிற்க, சதுக்கத்தில் மக்கள் நடமாட, அழகுற வரைந்தவர் அவர். 1765-இல், குண்டுவீச்சுக்குப் பின்னும் எஞ்சி நின்ற அக்கோவிலின் கோபுரம் சரிந்தது. பெல்லோத்தோ அங்கே சென்று அந்த இடிபாட்டையும் வரைந்தார். பாதி பிளந்த கோபுரம் உள்ளறைகள் தெரிய நிற்கிறது. அடியில் கல்லும் செங்கல்லும் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. உயரமான ஏணிகளில் தொழிலாளர் ஏறி நிற்கின்றனர். ஊர் மக்கள் கூடி நின்று பார்க்கின்றனர். அழுகையைக் கூட்டிக் காட்டவோ, அழிவைக் குறைத்துக் காட்டவோ அவர் முயலவில்லை. கோவில் நின்றபோது எந்தக் கண்ணால் பார்த்தாரோ அதே கண்ணால் விழுந்தபோதும் பார்த்தார். தம் வீடு இருந்த புறநகரின் இடிபாடுகளையும் அவ்வாறே வரைந்து வைத்தார்.

அக்காலத்தில் வரைந்த மற்றொரு படமும் உண்டு. கற்பனையான ஒரு மாளிகையின் முன்னே, வெனிஸ் நகரப் பெருமகனின் சிவந்த அங்கியணிந்து தாமே நிற்பதாக வரைந்துகொண்டார். சம்பளம் குறைந்து, சொத்து எரிந்து, மதிப்பும் இறங்கிய நேரத்தில் ஒரு மனிதர் தம் மனத்தைத் தேற்றிக்கொண்ட விதம் அது என்று எண்ணுகிறோம். அவரைக் குறை கூற நமக்கு மனமில்லை.

வார்ஸாவின் 26 படங்கள்

டிரெஸ்டனில் இனி வாழ்வில்லை என்று கண்டு, 1766-இன் இறுதியில், ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரீனிடம் வேலை தேடிப் புறப்பட்டார். வழியில் போலந்தின் தலைநகரான வார்ஸாவில் தங்கினார். அங்கே அரசராயிருந்தவர் ஸ்தனிஸ்லாவ் அகஸ்து பொனியத்தோவ்ஸ்கி. கலைகளை நேசித்த அவ்வரசர் அவரைப் போகவிடவில்லை. 1768-இல் அரசவை ஓவியராக நியமித்தார். வேறிடம் போகப் புறப்பட்ட வழிப்போக்கர் அவ்வூரிலேயே தம் கடைசி 14 ஆண்டுகளைக் கழித்தார். கடவுளின் பராமரிப்பு மனிதரின் திட்டத்தை மாற்றி அமைக்கும் விதம் அதிசயமானது.

அங்கும் துயரம் அவரை விடவில்லை. தொழிலில் வலக்கையாக இருந்த மகன் லொரென்சோ 1770-இல் இறந்தான். அந்த ஆண்டு முதல் தாம் இறக்கும் வரை பெல்லோத்தோ வார்ஸா நகரை ஒரே தொடராக வரைந்தார். மொத்தம் 26 படங்கள். அரண்மனையில் ஒரு தனி அறையில் அவை மாட்டப்பட்டன. செனட் சபைக்குச் செல்வோரும் அயல்நாட்டுத் தூதரும் அவ்வழியே போகும்போது நாட்டின் தலைநகரைச் சுவரில் காணலாம்.

கிராக்கோ புறநகர்த் தெரு என்ற பெருந்தெரு, மியோதோவா தெரு, விஸ்துலா ஆற்றின் அக்கரையிலிருந்து தெரியும் நகரம், திருச்சிலுவை ஆலயம், கன்னியர் மடங்களின் கோவில்கள் எல்லாம் அவற்றில் உள்ளன. மாளிகைக்குப் பக்கத்திலேயே மரக்குடிசையையும் காணலாம். பிரபுவின் வண்டிக்குப் பின்னால் கந்தை உடுத்தவரைக் காணலாம். துறவிகள், யூத வணிகர்கள், குடியானவர்கள், படைவீரர்கள் என அந்நகரின் மக்கள் அனைவரும் அங்கே நடமாடுகிறார்கள். எந்தச் சுவரில் காரை பெயர்ந்திருந்தது என்பதுகூடத் தெரியும்.

1780-ஆம் ஆண்டு வார்ஸாவில் அவர் காலமானார். மியோதோவா தெருவிலுள்ள கப்புச்சின் சபைத் துறவிகளின் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். வியன்னாவில் 1683-இல் கிறிஸ்தவப் படைகளுக்குத் தலைமை தாங்கி வெற்றி கண்ட அரசர் மூன்றாம் யான் சொபியெஸ்கியின் இதயம் வைக்கப்பட்டுள்ள ஆலயம் அது.

படங்களின் பயணமும் நகரின் பாடுகளும்

அவர் மறைந்து 15 ஆண்டுகளில் போலந்து என்ற நாடே வரைபடத்திலிருந்து மறைந்தது. 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் அண்டை அரசுகள் மூன்றும் அதைப் பங்கிட்டுக்கொண்டன. 1830-இல் எழுந்த கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் பெல்லோத்தோவின் படங்களை ரஷ்ய மன்னர் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். போலந்து மீண்டும் விடுதலை பெற்று, 1921-இல் ரீகா உடன்படிக்கை ஆனபின் அவை வீடு திரும்பின. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் அவற்றைக் கவர்ந்தார்கள். போர் முடிந்தபின் மறுபடியும் மீட்கப்பட்டன. 26-இல் 22 நமக்கு எஞ்சியுள்ளன.

படங்கள் பிழைத்தன. நகரம் பிழைக்கவில்லை. 1944 ஆகஸ்டு முதல் நாள் வார்ஸா மக்கள் நாஜிகளை எதிர்த்து எழுந்தார்கள். 63 நாட்கள் போராடித் தோற்றார்கள். அதன்பின், எஞ்சி நின்ற நகரத்தைத் தெருத்தெருவாக எரிக்கவும் வெடிவைத்துத் தகர்க்கவும் தனிப் படைப்பிரிவுகள் ஏவப்பட்டன. மக்கள் வெளியேற்றப்பட்ட வெற்று நகரத்தில் வீடு வீடாக, கோவில் கோவிலாக இது நடந்தது. போர் முடிந்தபோது நகரில் ஏறத்தாழ 85 விழுக்காடு அழிந்திருந்தது.

இவற்றுள் ஒரு கோவிலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக நமக்கு முடியவில்லை. வார்ஸாவின் புதுநகரச் சந்தைச் சதுக்கத்தில் புனித கசிமீர் ஆலயம் உள்ளது. வியன்னா வெற்றிக்கு நன்றியாக அரசர் சொபியெஸ்கியின் மனைவி மரிய கசிமீரா எழுப்பிய கோவில் இது. அதைச் சேர்ந்த மடத்தில், தேவநற்கருணையை இடைவிடாது ஆராதிக்கும் ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர் வாழ்ந்தார்கள். வெளியுலகிற்கு அடைத்த மடம். கிளர்ச்சியின்போது அக்கன்னியர் தங்கள் அடைப்பைத் திறந்து, காயமுற்றோரையும் வீடிழந்தோரையும் உள்ளே ஏற்றார்கள். 1944 ஆகஸ்டு 31 அன்று வானிலிருந்து குண்டுகள் விழுந்தன. கவிகை சரிந்து, 35 கன்னியரும், 4 குருக்களும், அங்கே அடைக்கலம் புகுந்திருந்த ஏறத்தாழ ஆயிரம் மக்களும் இடிபாட்டில் புதைந்தார்கள். அந்தக் கோவிலை, அதன் சதுக்கத்தோடும் அங்கு நடமாடிய மக்களோடும், பெல்லோத்தோ 1778-இல் வரைந்து வைத்திருந்தார். இன்று அது மீண்டும் அதே இடத்தில், அதே கவிகையோடு நிற்கிறது. அவர் அடக்கம் செய்யப்பட்ட கப்புச்சின் ஆலயமும் அவ்வாறே சிதைந்து, பின் புதுப்பிக்கப்பட்டது.

நகரை மீண்டும் கட்டிய பணிக்கு யான் சக்வத்தோவிச் என்ற கட்டடக்கலைப் பேராசிரியர் வழிகாட்டினார். கட்டுவோருக்கு இருவகை உதவிகள் கிடைத்தன. ஒன்று, வார்ஸா பொறியியற் கல்லூரியின் ஆசிரியரும் மாணவரும் போருக்கு முன்பே பழைய கட்டடங்களை அளந்து எடுத்து, நாஜிகளின் கண்ணில் படாமல் காப்பாற்றிய வரைபடங்கள். மற்றொன்று, பெல்லோத்தோவின் ஓவியங்கள். பழைய நகரின் வீடுகளுக்கு அளவு வரைபடங்கள் பெரிதும் உதவின. பெருந்தெருக்களின் மாளிகை முகப்புகளுக்கும் 18-ஆம் நூற்றாண்டின் நகரத் தோற்றத்திற்கும் ஓவியங்கள் வழிகாட்டின. பழைய நகரின் சந்தைச் சதுக்கம் 1953-இல் திறக்கப்பட்டது. அரச அரண்மனையை 1971 முதல் 1984 வரை மக்களின் நன்கொடையைக் கொண்டே கட்டினார்கள். 22 படங்களும் அங்கே தமக்குரிய அறையில் மீண்டும் மாட்டப்பட்டன. போலந்து நாட்டுத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979 ஜூன் மாதம் தம் தாய்நாட்டுக்கு வந்தபோது அவரை வரவேற்றது இவ்வாறு சாம்பலிலிருந்து எழுந்த வார்ஸாதான். மறு ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அப்பழைய நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

டிரெஸ்டனின் கதையும் இத்தகையதே. 1945 பிப்ரவரி 13, 14 நாட்களில் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் அந்நகரம் எரிந்தது. லுத்தரன் மாதா கோவில் இரண்டு நாட்கள் வெப்பத்தைத் தாங்கி நின்று, 15-ஆம் நாள் காலையில் சரிந்தது. பல ஆண்டுகள் கற்குவியலாகக் கிடந்த பின், 1994 முதல் மீண்டும் எழுப்பப்பட்டு, 2005 அக்டோபர் 30 அன்று நேர்ந்தளிக்கப்பட்டது. சிதைந்த கத்தோலிக்க அரண்மனை ஆலயமும் சீர்செய்யப்பட்டு, 1980 முதல் அம்மறைமாவட்டத்தின் பேராலயமாக விளங்குகிறது. பெல்லோத்தோ நின்று வரைந்த ஆற்றங்கரையிலிருந்து பார்ப்போர்க்கு நம் ஆலயமும் பிரிந்த சகோதரர்களின் ஆலயமும் பழையபடி அருகருகே தெரிகின்றன. அக்காட்சிக்கே கனலெத்தோ காட்சி என்று ஊரார் பெயரிட்டிருக்கிறார்கள்.

அவர் நமக்கு விட்டுச் சென்றது

பெல்லோத்தோவின் வழியைப் பின்பற்றி, சிக்முந்த் வோகல், மார்சின் சலெஸ்கி முதலிய போலந்து ஓவியர்கள் தங்கள் நகரைத் தொடர்ந்து வரைந்தார்கள். ஆயினும் அவருடைய உண்மையான செல்வாக்கு ஓவியர்களிடம் முடியவில்லை. கொத்தனாரிடமும் தச்சரிடமும் அது போய்ச் சேர்ந்தது. அரசரின் அறையை அலங்கரிக்க வரைந்த படம், வீடிழந்த மக்களுக்கு அளவுகோலாயிற்று.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. படத்தின் அமைப்புக்காக அவரும் சில இடங்களில் கட்டடத்தை இருந்ததைவிடச் சற்று அழகாக்கியும் மாற்றியும் வரைந்ததுண்டு. அந்த ஓவியங்களைப் பார்த்துக் கட்டியபோது அம்மாற்றங்களும் கல்லிலே இடம்பெற்றுவிட்டன என்று ஆராய்ந்தோர் கூறுவர். ஓவியர் மெய் சொன்ன இடத்தில் கட்டடமும் மெய் சொல்லிற்று. அவர் சிறிது முகமன் கூறிய இடத்தில் கட்டடமும் முகமன் கூறுகிறது. பின்வரும் தலைமுறைக்கு நாம் எதை எழுதி வைக்கிறோமோ அதைக் கொண்டுதான் அவர்கள் கட்டுவார்கள். வேறு எதைக் கொண்டு கட்டுவார்கள்?

யூபிலி ஆண்டில் இது நமக்கு உரைக்க வேண்டும். விழா என்றதும் வெற்றிகளை மட்டும் எழுதிவிடத் தோன்றும். கோவில் எழும்பியது, கோபுரம் உயர்ந்தது, கொடி ஏறியது என்று எழுதுகிறோம். வறட்சியில் கட்டட வேலை நின்றதையும், ஊர் இரண்டாகப் பிரிந்து திருவிழாவே நின்றுபோனதையும், பெயர் தெரியாத ஏழைகள் மண் சுமந்ததையும் எழுதத் தயங்குகிறோம். பெல்லோத்தோ சாரத்தையும் வரைந்தார், சரிவையும் வரைந்தார். எல்லாப் பங்குகளின் வரலாற்றிலும் சாரமும் உண்டு, சரிவும் உண்டு. இரண்டையும் ஒளிக்காமல் சொல்கின்ற மலரே நம் பிள்ளைகளுக்குப் பயன்படும்.

ஆகவே நாம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் பழைய கோவிலின் நிழற்படம் இருக்கலாம். பாட்டனார் கையால் எழுதிய கோவில் கணக்கு இருக்கலாம். முதல் நன்மை நாளின் படமும், கோவில் கட்டக் காசு கொடுத்த இரசீதும் கிடக்கலாம். கரையான் அரிக்கும் முன் அவற்றைப் பங்கு இல்லத்திற்குக் கொண்டு வாருங்கள். படியெடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம். படத்தில் இருப்பவர் யார், அது எந்த ஆண்டு என்று பின்புறம் எழுதி வையுங்கள். வயது முதிர்ந்தோர் அருகில் பிள்ளைகளை உட்கார வைத்து, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். இது பெரிய வேலையன்று. வார்ஸாவை வரைந்தவருக்கும் அது அன்றாடக் கூலிக்குச் செய்த வேலைதான்.

எரிந்த வீட்டுக்கும், வராத கூலிக்கும், இறந்த மகனுக்கும் பெல்லோத்தோ இவ்வுலகில் ஈடு பெறவில்லை. தம் உழைப்பின் பயனையும் காணவில்லை. ஆனால் கண்டதை உண்மையாகக் கோடிட்டு வைத்தார். அக்கோடுகளைப் பற்றிக்கொண்டு ஒரு மக்கள் தங்கள் கோவிலுக்கு வழி கண்டார்கள். நாமும் நம் காலத்தில் கண்டதை உண்மையோடு பதித்து வைப்போம். அதை எடுத்துப் பயன்படுத்தும் நாளையும் கையையும் இறைவன் அறிவார். அவருக்கே புகழ்.